கல்லறைச் சம்மனசுகளை அகற்ற வேண்டாம்: எங்கள் பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், கல்லறைத் தோட்டப் பராமரிப்புக் குழுவினருக்கும்,

தோத்திரம் சுவாமி. பேரவையில் உள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு இரண்டாம் பூசை முடிவில் ஓர் அறிவிப்பு வாசித்தீர்கள். கல்லறைத் திருநாளுக்குள் தோட்டத்தைச் சீரமைக்கப் போகிறோம், சிதைந்துபோன வானதூதர் சிலைகளையும் (நாம் சம்மனசு என்று சொல்பவை) பழைய மேடைகளையும் எடுத்துவிட்டு எல்லாக் கல்லறைக்கும் ஒரே அளவில் கறுப்பு கிரானைட் பலகை பதிக்கப் போகிறோம், ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள் என்றீர்கள். இது என் ஆட்சேபம். அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன். பொதுவிலும் வைக்கக் காரணம் உண்டு. அந்தச் சிலைகள் நிற்கும் கல்லறைகளுக்கு உரிய குடும்பங்களில் பாதிக்கு மேல் இன்று ஊரில் இல்லை. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் நம் கோயில் அறிவிப்பைக் கேட்டிருக்க மாட்டார்கள். தேவகோட்டை, காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் வேறு சில தோட்டங்களிலும் இதே பேச்சு நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவர்களும் படிக்கட்டும்.

முதலில், உங்கள் திட்டத்தில் எனக்கு முழுச் சம்மதமானவை. பாதை போடுங்கள், மழைக்காலத்தில் பெட்டியைத் தூக்கி வருகிறவர்கள் சேற்றில் வழுக்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணீர்க் குழாய் வையுங்கள். சீமைக் கருவேலத்தை வேரோடு எடுங்கள். வடக்குச் சுவரை உயர்த்துங்கள். இதற்கெல்லாம் என் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த பங்குக் குழு) நானே வீடு வீடாகப் போய் வரி வசூலித்துத் தருகிறேன். சம்மனசுகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் சுண்ணாம்பு வேலைக்காரன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறையாக இதுதான் பிழைப்பு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் வீடுகளின் முகப்பில் உதிர்ந்த சுதையை, அதாவது சுண்ணாம்புக் காரையில் செய்த உருவங்களை, திருப்பிக் கட்டுவதுதான் இப்போது எனக்கு அதிகம் வருகிற வேலை. அதனால் தோட்டத்தில் நிற்பவற்றை எந்தக் கையால், எந்தப் பொருளால் செய்தார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

மொத்தம் எட்டுச் சம்மனசுகள். இரண்டு பளிங்கு, ஆறு சுதை. அறிவிப்பில் "சிதைந்த சிலைகள்" என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டீர்கள். ஆனால் எட்டும் எட்டு விதமான செய்தியோடு நிற்கின்றன. வாசலுக்கு இடப்புறம் பர்மாவுக்குப் போய்ச் சம்பாதித்துத் திரும்பிய குடும்பத்தின் மேடையில் இருக்கும் பளிங்குச் சம்மனசு எக்காளத்தைக் கீழே தொங்கவிட்டுப் பிடித்திருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், கடைசி எக்காளம் முழங்கும்போது இறந்தோர் அழிவற்றவராய் எழுவர் என்று பவுலடியார் சொல்கிறாரே, அந்த எக்காளம். ஊதும் நேரம் இன்னும் வரவில்லை, அதுவரை காத்திருக்கிறேன் என்பது அதன் நிலை. இரண்டாவது பளிங்கு, வலது கையை மேலே நீட்டி நிற்பது, சுட்டுவிரல் போய்விட்டது. போனவர் போன திசையை அந்த விரல் காட்டியது. சுதைச் சம்மனசுகளில் ஒன்று தீப்பந்தத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. அணைந்த உயிருக்கு அது அடையாளம். கிரேக்க, ரோமச் சிற்பங்களிலிருந்து கல்லறைகளுக்கு வந்து சேர்ந்த வழக்கம். மலர்வளையம் வைத்திருப்பது நினைவுக்கு. திறந்த புத்தகம் வைத்திருப்பது வாழ்வின் நூலுக்கு. கைகூப்பி முழங்காலிட்டிருப்பது மன்றாட்டுக்கு. சின்னக் கல்லறை ஒன்றின் தலைமாட்டில் உடம்பில்லாமல் குழந்தை முகமும் இரண்டு சிறகும் மட்டும் இருக்கும். அதையும் ஒன்றாகக் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

எட்டாவதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கிணற்றடிக்குப் பக்கத்தில், மூன்று வயதில் இறந்த ஒரு பெண்குழந்தையின் கல்லறை. இரண்டு முழ உயரத்தில் ஒரு சம்மனசு குனிந்து பூப்போடுகிறது. வலது கையில் கூடை இருந்திருக்க வேண்டும். இப்போது துருப்பிடித்த கம்பிதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. இடது கை விரல்கள் விரிந்து கீழ்நோக்கியபடி. அந்தக் கைக்கு நேர்கீழே மேடையின் மேல் சுதையிலேயே செய்த ஐந்து பூக்கள், விழுந்த இடத்தில் விழுந்தபடி கிடக்கின்றன. வெளிநாட்டுப் படங்களில் இந்த இடத்தில் ரோஜா இருக்கும். இங்கே இருப்பது நந்தியாவட்டை. ஐந்து இதழும் ஒரே பக்கம் முறுக்கிக்கொண்டு, கிணற்றடியில் இன்றும் பூக்கிறதே, அதே பூ. சம்மனசின் காதில் தோடு போட்டிருக்கிறார்கள். சிறகின் வெளிப்பக்கம் கூழாங்கல் தேய்த்து மெருகு ஏற்றியது, தடவினால் வழுவழுக்கிறது. உட்பக்கம் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதால் மெருகு போடாமல் விட்டுவிட்டார். அங்கே காரையில் செய்தவரின் விரல் பதிவு அப்படியே இருக்கிறது. பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும். அவர் பெயரை எங்கும் வெட்டி வைக்கவில்லை.

அதன் மேல் இப்போது வெள்ளி எனாமல், அதற்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் வெள்ளை என்று பெயிண்ட் அடுக்கடுக்காக ஏறியிருக்கிறது. பாசத்தில் அடித்ததுதான். ஆனால் சிதைவுக்குப் பெரிய காரணமும் அந்தப் பெயிண்ட்தான். சுண்ணாம்பு ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். எனாமல் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே நின்ற ஈரம் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது, துருவேறிய கம்பி பருத்துச் சுதையை உள்ளிருந்து பிளக்கிறது. விரிசலுக்கு யாரோ சிமெண்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள். சிமெண்ட் சுண்ணாம்பைவிடக் கெட்டி, வெயிலுக்கும் குளிருக்கும் அதோடு சேர்ந்து அசைந்து கொடுக்காது. ஒட்டின இடத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு விழும். பளிங்குக்கு நடந்தது இன்னும் மோசம். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் சில வீட்டார் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்க்கிறார்கள். ஊற்றினதும் நுரை பொங்கும். அழுக்கு போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொங்குவது பளிங்கேதான். பளிங்கும் நம் சுண்ணாம்புச் சுதையும் காய்ந்து இறுகிய பிறகு ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். ஆசிட் இரண்டையும் கரைக்கும். எக்காளச் சம்மனசின் முகத்தில் மூக்கும் உதடும் மழுங்கியிருப்பதற்கு வயது காரணம் என்று பேரவைக் கூட்டத்தில் சொன்னார்களாம். ஆசிட்தான் காரணம். ஆசிட் ஊற்றுவதை நிறுத்திவிட்டால் இந்த வேகத்தில் மேற்கொண்டு மழுங்காது.

இனி, "இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்து மோகம், நமக்கு எதற்கு" என்ற பேச்சுக்கு வருகிறேன். பேரவையில் மதிப்புக்குரிய ஒருவர் சொன்னது என்பதால் அக்கறையோடு பதில் சொல்ல விரும்புகிறேன்.

கல்லறைமேல் சம்மனசு வைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரும் வழக்கமானது உண்மை. பாரிஸ் நகரில் 1804-ல் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் திறந்த பிறகு, கோயிலை ஒட்டிய நெரிசலிலிருந்து விலகி, மரமும் பாதையும் உள்ள தோட்டமாகக் கல்லறைகளை அமைக்கத் தொடங்கினார்கள். இத்தாலியில் ஜெனோவா ஊரின் ஸ்தாலியேனோ கல்லறைத் தோட்டத்தில் ஜூலியோ மொந்தெவெர்தே என்ற சிற்பி 1882-ல் ஒனேத்தோ குடும்பத்துக்காக ஒரு சம்மனசு செய்தார். அதுவும் எக்காளத்தைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, கைகளை மார்பின் குறுக்கே வைத்து, எதுவும் சொல்லாமல் நிற்கும். உலகம் முழுவதும் அதைப் பார்த்துச் செய்தார்கள். நம் வாசல் சம்மனசின் கை நிலையைப் பார்த்தால் அந்த வம்சம் என்று தெரியும். ரோமாபுரியில் புரோட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தில் இன்னொன்று உண்டு. வில்லியம் வெட்மோர் ஸ்டோரி என்ற அமெரிக்கச் சிற்பி தன் மனைவி எமிலின் இறந்ததும் 1894-ல் செய்தது. சம்மனசு கல்லறை மேடையின் மேல் முகம் புதைத்துக் கவிழ்ந்து கிடக்கும். ஒரு கை மேடைக்கு வெளியே தொங்கும், சிறகுகள் இரண்டும் தளர்ந்து சரிந்திருக்கும். மறு ஆண்டு ஸ்டோரியும் இறந்து அதே கல்லறையில் அடக்கமானார். ஆறுதல் சொல்ல வந்த தூதரே அழுதுவிட்டார் என்று காட்டத் துணிந்த சிற்பம் அது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன், என் தொழிலில் அதைவிடப் பெரிய வேலை இல்லை என்று நினைக்கிறேன்.

இவையெல்லாம் அங்கே. ஆனால் இறந்தவனுக்குக் கல் நட்டு, அந்தக் கல்லோடு பேசுகிற பழக்கம் நமக்கு யாரும் கப்பலில் கொண்டு வந்ததில்லை. கல்லைத் தேர்ந்து காண்பதிலிருந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை நடுகல்லுக்கு உரிய படிகளைத் தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது. கர்நாடகத்து வீரக்கற்கள் பலவற்றில் மூன்று அடுக்கு இருக்கும்: கீழே சண்டை, மேலே இறைவன் சந்நிதி, நடுவில் தேவமகளிர் இரண்டு பக்கமும் தாங்கி வீரனை மேலே கொண்டுபோவது. லூக்கா நற்செய்தியில், ஏழை லாசர் இறந்ததும் வானதூதர்கள் அவரை ஆபிரகாமின் மடிக்குக் கொண்டுபோனார்கள் என்று வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் மாவட்டத்திலேயே கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் முதுமக்கள் தாழிகளைத் தோண்டி எடுத்தார்களே, உள்ளே சின்னச் சின்னக் கலயங்களும் வைத்துத்தானே புதைத்திருந்தார்கள். போகிறவரைத் தனியே அனுப்ப மனம் வராதவர்கள் நம் ஆட்கள்.

சிறகு வைத்த உருவமும் செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. நகரத்தார் வீட்டு முகப்பில் நடுவில் கஜலட்சுமி உட்கார்ந்திருக்க, சில வீடுகளில் இரண்டு பக்கமும் சிறகு விரித்தவர்கள் நிற்பதை நாம் அண்ணாந்து பார்த்தபடிதான் வளர்ந்தோம். அந்த லட்சுமியைச் செய்த கைகளும் நம் தோட்டத்துச் சம்மனசைச் செய்த கைகளும் ஒரே பட்டறைக் கைகள். பத்து மாதம் செட்டியார் வீட்டு வேலை, இடையில் யாராவது கேட்டால் மாதா கோயில் பீடம், கல்லறை மேடை. தோடு போட்ட சம்மனசு எப்படி வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் கோயிலுக்கு நம் பங்கிலிருந்து வருடாவருடம் திருயாத்திரை போகிறோம். பிரெஞ்சு இயேசு சபைக் குரு பெர்தினாந்து செல் அடிகளார் 1894-ல் கட்டி முடித்தது. பிரான்சு நாட்டு ரேன்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்தது. அந்த ரேன்ஸ் பேராலய வாசலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சம்மனசு ஒன்று புன்னகைத்தபடி நிற்கிறது. 1914 செப்டம்பரில் ஜெர்மன் குண்டு விழுந்து கோயில் எரிந்தபோது அதன் தலை உடைந்து கீழே விழுந்து சிதறியது. அவர்கள் துண்டுகளைப் பொறுக்கி வைத்தார்கள். சண்டை முடிந்து, 1926-ல் தலை பழைய இடத்துக்குப் போனது. உலகம் பார்த்த அத்தனை பெரிய அழிவிலும் உடைந்த சம்மனசைக் குப்பையில் சேர்க்காத ஒரு கோயிலின் சாயலில் கட்டிய ஆலயம் நம் மறைமாவட்டத்தில் இருக்கிறது. நாம் சுட்டுவிரல் இல்லை என்பதற்காக ஒன்றை டிராக்டரில் ஏற்றப் போகிறோம்.

இரண்டாவது ஆட்சேபம் வேதத்தை ஒட்டியது. "செத்த பிள்ளை சம்மனசாகிவிட்டது என்று சனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள், அது திருச்சபை போதனை இல்லை" என்றார் உபதேசியார். அவர் சொன்னது சரி. மனிதர் இறந்து வானதூதர் ஆவதில்லை. ஆனால் கல்லறைமேல் நிற்கிற உருவம் இறந்தவரின் உருவம் என்று யார் சொன்னது? அது கூடவே வந்த காவல் சம்மனசு. பிறப்பு முதல் இறப்பு வரை மனித வாழ்வைத் தூதர்களின் காவல் சூழ்ந்திருக்கிறது என்று மறைக்கல்வி நூல் சொல்கிறது. அடக்கச் சடங்கில், வானதூதர்கள் உன்னைப் பரகதிக்கு அழைத்துச் செல்வார்களாக என்று சாமியார் மன்றாடும்போது நாம் எல்லோரும் ஆமென் சொல்கிறோம். யோவான் நற்செய்தியில், ஆண்டவர் உடல் கிடந்த இடத்தில் தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவருமாக வெள்ளுடையில் இரண்டு தூதர் உட்கார்ந்திருந்து மகதலா மரியாளிடம், அம்மா, ஏன் அழுகிறாய் என்று கேட்கிறார்கள். கல்லறையில் சம்மனசு வந்து உட்கார்ந்தது அன்றைக்கே. ஆகவே தவறாகப் புரிந்துகொள்கிறவர்களுக்கு ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் விளக்குங்கள், போதும்.

மூன்றாவது ஆட்சேபம்தான் என்னை உறங்கவிடாதது. இளைஞர் அணித் தம்பி ஒருவர் எழுந்து, சம்மனசு நிற்பதெல்லாம் வசதியுள்ளவன் கல்லறையில்தானே, கூலிவேலை செய்து செத்தவனுக்கு மண்மேடும் இரண்டு குச்சிச் சிலுவையும்தானே, சாவிலாவது எல்லோரும் ஒன்றாக இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. செட்டிநாட்டில் சுடுகாடும் கல்லறைத் தோட்டமும் யார் யாரை எங்கெங்கே ஒதுக்கி வைத்திருந்தன என்பதை நாம் மறைத்துப் பேச முடியாது. ஆனாலும் தம்பி, கிரானைட் பலகை அந்தச் சமத்துவத்தைத் தராது. பலகைக்கும் பணம் கட்ட வேண்டும் என்றுதான் அறிவிப்பில் இருக்கிறது. கட்ட முடியாதவன் மேடு அப்போதும் மண்மேடுதான். பக்கத்தில் பளபளப்பு கூடியிருக்கும், அவ்வளவே.

நான் கேட்பது வேறு. இருக்கிற எட்டையும் காப்பாற்றுவோம். ஒன்பதாவதாக ஒரு சம்மனசு செய்வோம், பங்குக்கு முழுமைக்கும் பொதுவாக. அதை மேற்குச் சுவர் மூலையில் வைப்போம்.

மேற்குச் சுவர் மூலை என்றதும் வயதானவர்களுக்கு மனம் சுருக்கென்றிருக்கும். ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த சிசுக்களை அந்தக் காலத்தில் அங்கேதான் புதைத்தார்கள். மந்திரித்த (ஆசீர்வதித்த) மண்ணில் இடம் கிடையாது, சாமியார் வரமாட்டார், மணி அடிக்காது. தகப்பனோ மாமனோ துணியில் சுற்றித் தூக்கிப்போய் விடிவதற்குள் மண்ணைத் தள்ளிவிட்டு வருவார்கள். யாருடைய கல்நெஞ்சும் இதற்குக் காரணம் இல்லை. 1917-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பே அப்படி இருந்தது. 1983-ல் வந்த புதிய சட்டத் தொகுப்பு, ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்து அதற்குள் இறந்த குழந்தைகளுக்கு ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கம் செய்யலாம் என்று திறந்துவிட்டது. 2007-ல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு, அந்தச் சிசுக்கள் மீட்புப் பெறுவர் என்று நம்பிக்கை கொள்ள வலுவான காரணங்கள் உண்டு என்று விரிவாக எழுதியது. சட்டம் மாறிவிட்டது. மூலை மாறவில்லை. கல்லறைத் திருநாள் அன்று எல்லோரும் அவரவர் மேட்டில் மெழுகுதிரி ஏற்றும்போது, நம் பங்கில் சில பாட்டிமார் அந்தச் சுவரோரம் போய் நின்று, எந்த இடம் என்று தெரியாமல், கையிலேயே திரியை எரியவிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். மந்திரிப்புத் தண்ணீர் அந்த மூலை வரைக்கும் போவதில்லை. தந்தை அவர்கள் புதிதாக வந்தவர், உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதனால் எழுதுகிறேன்.

அங்கே ஒரு சம்மனசு வேண்டும். பெயர் இல்லாத பிள்ளைகளுக்கும், மேடு கரைந்துபோன கூலிக்காரர்களுக்கும், கொரோனா நேரத்தில் நாலு பேர்கூடக் கூட முடியாமல் அடக்கமானவர்களுக்கும் சேர்த்து. திரி வைக்க முன்னால் ஒரு நீளத் திண்ணை. சிலை ஆளுயரம் வேண்டாம். இரண்டு முழம் போதும், குழந்தை உயரத்துக்கு. கையில் எக்காளமும் வேண்டாம், பந்தமும் வேண்டாம். குனிந்து பூப்போடுகிற நிலை இருக்கட்டும். கிணற்றடிச் சம்மனசை முன்னால் வைத்துக்கொண்டே செய்துவிடலாம்.

வாசல் வளைவில் ஃபைபரில் இரண்டு சம்மனசு வைத்துவிடுகிறோம், மனக்குறை தீர்ந்துவிடும் என்று குழுவில் ஒருவர் என்னிடம் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். வாசலில் நிற்பது அலங்காரம். ஒருவர் தலைமாட்டில் நிற்பதுதான் நினைவு. தவிரவும் நம் வெயிலில் ஃபைபர் வெளுத்து வெடிக்கும், அதைப் பழுதுபார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். சுதை அப்படியில்லை, எத்தனை தரம் உதிர்ந்தாலும் அதே பொருளை வைத்து மறுபடி கட்டலாம்.

ஆபத்து பற்றிய கவலையை நான் ஒதுக்கவில்லை. விரல் போன பளிங்குச் சம்மனசு பீடத்தில் ஆடுகிறது. குழந்தைகள் ஏறி விளையாடும் இடம். அதை உடனே கயிறு கட்டி இறக்கி மரச்சட்டத்தில் படுக்க வையுங்கள், நாளைக்கே ஆள் கொண்டு வருகிறேன். ஆனால் இறக்கினதைக் கோயில் கிட்டங்கியில் பூட்டி வையுங்கள். வெளியே விடாதீர்கள். பழைய வீட்டுத் தூண், கதவு, கண்ணாடி என்று எல்லாவற்றுக்கும் காரைக்குடியில் விலை உண்டு என்பது ஊரறிந்தது. பளிங்குச் சம்மனசுக்கும் விலை உண்டு. எங்கோ ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் அது நிற்பதை அந்தக் குடும்பத்தார் பார்க்க நேரக்கூடாது.

வேலை முறை இதுதான். பளிங்கை வெறும் தண்ணீரும் மெல்லிய நார்ப் பிரஷும் கொண்டு மட்டும் கழுவ வேண்டும். ஆசிட், பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ் மூன்றும் தோட்டத்துக்குள் வரக்கூடாது என்று வாசலில் எழுதிப் போடுங்கள். உள்ளே துருப்பிடித்த இரும்பு முளையை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முளை வைக்க வேண்டும். சுதைச் சிலைகளில் பெயிண்டைச் சுரண்டாமல் மெதுவாக ஊறவைத்து உரிக்க வேண்டும். சிமெண்ட் ஒட்டுகளைச் சிற்றுளியால் தட்டி எடுத்து, சுண்ணாம்புக் காரையால் கட்ட வேண்டும். சுண்ணாம்பைத் தாளித்து, அதாவது தண்ணீர் விட்டு நீறவைத்து, தண்ணீருக்கு அடியில் ஊறவிட்டு, கடுக்காயும் வெல்லமும் போட்டுப் புளித்த தண்ணீரில் மணலோடு சேர்த்து அரைப்பது அடிக்காரைக்கு. மேல்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடைசியில் கூழாங்கல் மெருகு. மேலே வருடத்துக்கு ஒருமுறை வெள்ளை அடித்தால் போதும். போன விரல்களையும் கூடையையும் புதிதாகச் செய்ய வேண்டுமா, உடைந்தது உடைந்தபடி உறுதிப்படுத்தி விடலாமா என்பது அந்தந்தக் குடும்பத்தைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியது. என் எண்ணம், பளிங்கு விரலை விட்டுவிடலாம். பூக்கூடையைச் செய்துவிடலாம், ஏனென்றால் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்வரை மழை உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

என் கூலியும் என் பையன் கூலியும் வேண்டாம். பொருளும் சித்தாள் கூலியும் மட்டும் பங்கு பார்த்துக்கொள்ளட்டும். இளைஞர் அணியில் இரண்டு மூன்று பேரை அனுப்பினால் கூடவே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். கேள்வி கேட்ட அந்தத் தம்பி வந்தால் எனக்கு ரொம்பச் சந்தோஷம். மேற்கு மூலைச் சம்மனசை அவர் கையால் தொடங்கட்டும்.

தந்தை அவர்களிடம் தனியாக ஒரு விண்ணப்பம். இந்த வருடக் கல்லறைத் திருநாளில் மந்திரிப்புப் பவனி மேற்கு மூலையிலிருந்து தொடங்க வேண்டும். சிலை அதற்குள் முடிந்தாலும் முடியாவிட்டாலும் இதைச் செய்யலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

சுண்ணாம்புக்கு ஊற நாள் வேண்டும், கட்டின காரைக்கு மழை படாமல் இறுக நாள் வேண்டும். கல்லறைத் திருநாள் ஐப்பசியில் வருகிறது, மழையும் அப்போதுதான். இப்போது ஆடி நடக்கிறது. ஆவணி பிறப்பதற்குள் பேரவை கூடி, கிரானைட் ஆர்டரை நிறுத்தி வைத்து எனக்கு ஒரு பதில் சொன்னால், அன்று சாயங்காலமே தொட்டியில் சுண்ணாம்பு போட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்கின் சுண்ணாம்புக் கொத்தனார்